கல்லுடைத்த கை எழுதிய கவிதை: ஹோசே மார்த்தியின் வாழ்வு

கவிதை கவிதைக்காகவா, மக்களுக்காகவா என்னும் வழக்கு, கவிஞர் கூடும் இடங்களில் எல்லாம் எழுகின்ற ஒன்று. ஒரு சாரார் அழகைக் காக்கப் புறப்பட்டு மக்களை மறந்துவிடுகின்றனர். மறு சாரார் மக்களைக் காக்கப் புறப்பட்டுக் கவிதையை மறந்துவிடுகின்றனர். இரண்டையும் மறவாதவர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் கியூபா நாட்டுக் கவிஞர் ஹோசே மார்த்தி. அவர் வாழ்ந்தது 42 ஆண்டுகளே. அவற்றுள் ஏறத்தாழ 15 ஆண்டுகள் நியூயார்க் நகரில் அயலவராகக் கழிந்தன. ஸ்பானிய மொழிக் கவிதைக்குப் புதுவழி வகுத்தவர்களுள் ஒருவர் என்று இலக்கிய வரலாறு அவரைப் போற்றுகிறது. கியூப விடுதலைக்கு வித்திட்டவர் என்று நாட்டு வரலாறு அவரை வணங்குகிறது.

இவ்விரு புகழையும் தனித்தனியே பேசுவோர் உண்டு. ஆனால் அவை இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தாழ்த்தப்பட்ட மனிதனைத் தமக்குச் சமமானவனாகக் காணும் பார்வையே அந்த வேர். அப்பார்வை அவருக்கு எங்கே வாய்த்தது, அயல் மண்ணில் எவ்வாறு வளர்ந்தது, அவர் கவிதையை அது என்ன செய்தது, அதற்கு அவர் கொடுத்த விலை யாது என்பனவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் விலங்கும்

1853 ஜனவரி 28-ஆம் நாள் ஹவானா நகரில் மார்த்தி பிறந்தார். தந்தை மரியானோ ஸ்பெயினின் வலென்சியாவிலிருந்து படைவீரராக வந்தவர். பின்னர்க் காவற்பணி பார்த்தவர். தாய் லியோனோர் பெரெஸ் கேனரித் தீவுகளைச் சேர்ந்தவர். பெண்மக்கள் எழுவர் இருந்த அவ்வீட்டில் ஆண்மகன் இவர் ஒருவரே. ஸ்பெயினின் ஆட்சியை வாழ்நாள் முழுதும் எதிர்த்த இவருடைய பெற்றோர் இருவரும் ஸ்பானியர் என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஆட்சியை வெறுத்தாரேயன்றி மக்களை வெறுத்தாரில்லை என்பதற்கான காரணம் அவர் இல்லத்திலேயே இருந்தது.

அந்நாளில் கியூபாவின் செல்வம் கரும்பு. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பே அச்செல்வத்தின் ஊற்று. கியூபாவில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1886-இல்தான். 1862-இல், ஒன்பது வயதுச் சிறுவராக, தந்தையின் பணி காரணமாக அனாபனா என்னும் நாட்டுப்புறத்தில் மார்த்தி சில காலம் தங்கியிருந்தார். அடிமைகளைக் கப்பலிலிருந்து இறக்கும் காட்சியும், மரத்தில் தூக்கிலிடப்பட்ட அடிமை ஒருவனின் உடலும் அவர் நெஞ்சில் தைத்தன. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்நினைவு அவருள் கிடந்து, பின்னர் ஒரு சிறு கவிதையாக வெளிப்பட்டது. அக்கவிதையில் அவர் சினந்து முழங்கவில்லை. கண்டதைச் சில வரிகளிற் சொல்லி, கண்ட சிறுவன் மேற்கொண்ட உறுதியைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்.

வறுமையால் கல்வி தடைப்பட இருந்த அவருக்குக் கைகொடுத்தவர் ரஃபாயேல் மரியா தெ மெந்தீவே என்னும் ஆசிரியர். மெந்தீவே கவிஞர், கியூபா விடுதலை பெற வேண்டும் என்னும் எண்ணமுடையவர். மாணவனின் உயர்பள்ளிக் கல்விக்குத் தாமே பொறுப்பேற்றார். 1868 அக்டோபர் 10-இல் கியூபாவின் கிழக்குப் பகுதியில் முதல் விடுதலைப் போர் மூண்டது. 1869 ஜனவரியில், 16 வயதும் நிரம்பாத மார்த்தி ஓரிதழ் வெளியிட்டு, அதில் 'அப்தலா' என்னும் நாடகக் கவிதையை எழுதினார். நூபியா நாட்டைக் காக்கப் போர்க்களம் புகும் இளைஞனின் கதை அது. கறுப்பினத் தலைவன் ஒருவனைக் காவிய நாயகன் ஆக்கியதிலேயே அவர் செல்லவிருந்த திசை தெரிகிறது.

அதே ஆண்டில் மெந்தீவே நாடு கடத்தப்பட்டார். அக்டோபரில் மார்த்தியும் கைதானார். ஸ்பானியப் படையிற் சேர்ந்த வகுப்புத் தோழன் ஒருவனைக் கண்டித்து எழுதிய கடிதம் ஒன்று சோதனையில் அகப்பட்டதே காரணம். அதில் அவரும் அவருடைய நண்பர் ஃபெர்மீன் வால்தெஸ் தோமிங்கெஸும் ஒப்பமிட்டிருந்தனர். எழுதியவன் தானே என்று இருவரும் வாதிட்டனர். நண்பருக்கு ஆறு மாதமும் மார்த்திக்கு ஆறு ஆண்டுக் கடுங்காவலும் தண்டனையாயின. 1870-இல், 17 வயதில், கைதி எண் 113 என்னும் அடையாளத்துடன் ஹவானாவின் சான் லாசரோ கல்லுடைப்புக் களத்துக்கு அனுப்பப்பட்டார். காலில் இரும்பு வளையம், இடையிற் சங்கிலி, தலைக்குமேல் வெயில், கண்ணைக் கூசவைக்கும் சுண்ணாம்புக்கல். அந்த இரும்பு ஏற்படுத்திய புண்கள் அவரை வாழ்நாள் முழுதும் வருத்தின. அச்சங்கிலியின் இரும்பிற் செய்த மோதிரம் ஒன்றைப் பிற்காலத்தில் அவர் அணிந்திருந்தார்.

சில மாதங்களுக்குப் பின் தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட, 1871-இல் ஸ்பெயின் சென்றார். அவ்வாண்டே மாட்ரிட் நகரில் 'கியூபாவில் அரசியற் சிறை' என்னும் சிறு நூலை வெளியிட்டார். 18 வயது இளைஞர் தம் சிறை வாழ்வைப் பற்றி எழுதுகிறார் என்றால் அது அவர்தம் துன்பத்தைப் பற்றியதாகவே இருக்கும் என்று எதிர்பார்ப்போம். மார்த்தியின் நூல் அவ்வாறன்று. அதில் நம் முன் நிற்பவர்கள் மற்றவர்கள். நிக்கோலாஸ் தெல் காஸ்தில்யோ என்னும் 76 வயது முதியவர் ஒருவர். லீனோ ஃபிகெரேதோ என்னும் 12 வயதுச் சிறுவன் ஒருவன். முதியவரின் முதுகிற் கண்ட புண்ணின் முன் தன் புண் பேசத் தகுந்ததன்று என்று ஆசிரியர் தம்மை ஒதுக்கிக்கொள்கிறார். அந்நூல் ஸ்பெயினின் ஆட்சியாளரை நோக்கி எழுதப்பட்டது. ஆயினும் வசை அதில் இல்லை. அவர்களுடைய மனச்சான்று விழித்தெழும் என்னும் நம்பிக்கையோடு எழுதப்பட்டிருக்கிறது. தன்னை மறைத்துப் பிறரைக் காட்டல், எதிரியையும் மனிதனாக எண்ணிப் பேசுதல் என்னும் இவ்விரு பண்புகளும் அவர் எழுத்தின் இறுதிவரை மாறவில்லை.

அலைந்த ஆண்டுகள்

ஸ்பெயினில் சட்டமும் மெய்யியலும் பயின்று 1874-இல் பட்டம் பெற்றார். 1875-இல் மெக்சிகோ சென்று குடும்பத்தோடு சேர்ந்தார். அன்புத் தங்கை ஒருத்தி அதற்குச் சற்று முன்னரே இறந்திருந்தாள். அங்கு இதழாளராகப் பணியாற்றினார். பின்னர்க் குவாத்தமாலாவில் ஆசிரியரானார். 1877 டிசம்பரில் கார்மென் சாயாஸ் பாசானை மணந்தார். முதல் விடுதலைப் போர் 1878-இல் உடன்படிக்கையில் முடிந்தபின் கியூபா திரும்பினார். அவ்வாண்டு நவம்பரில் மகன் ஹோசே ஃபிரான்சிஸ்கோ பிறந்தான். மறு ஆண்டே, மறைவில் கிளர்ச்சிக்கு வழிசெய்தார் என்று மீண்டும் நாடு கடத்தப்பட்டார். ஸ்பெயினிலிருந்து தப்பி, 1880 ஜனவரி 3-இல் நியூயார்க் வந்து இறங்கினார்.

1881-இல் சில மாதங்கள் வெனிசுவேலாவில் வாழ்ந்து பார்த்தார். அந்நாட்டு ஆட்சியாளருக்கு ஆகாத அறிஞர் செசீலியோ அகோஸ்தா மறைந்தபோது, மார்த்தி அவரைப் போற்றி எழுதினார். வெளியேறுமாறு ஆணை வந்தது; நியூயார்க் திரும்பினார். சொந்த நாட்டை ஆளும் அந்நியன் மட்டுமல்லன், சொந்த இனத்துச் சர்வாதிகாரியும் எழுத்தாளனைத் துரத்துவான் என்பதை இலத்தீன் அமெரிக்கக் குடியரசுகளில் அவர் கற்றுக்கொண்டார்.

நியூயார்க்: அயலவரின் கண்

அந்நாளைய நியூயார்க் ஐரோப்பிய ஏழைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய நகரம். மார்த்தி அலுவலகங்களில் எழுத்தராகவும், பதிப்பகத்துக்கு மொழிபெயர்ப்பாளராகவும், ஆசிரியராகவும் உழைத்துப் பிழைத்தார். 1887 முதல் சில ஆண்டுகள் உருகுவே நாட்டின் தூதரகப் பணியையும் பார்த்தார். கராகஸ், புவனோஸ் அயர்ஸ், மெக்சிகோ நகர் முதலிய இடங்களில் வெளிவந்த நாளேடுகளுக்கு அவர் எழுதி அனுப்பிய மடல்களே அவரை ஸ்பானிய உலகெங்கும் அறிமுகப்படுத்தின. புரூக்ளின் பாலத்தின் திறப்பு, சுதந்திர தேவி சிலையின் திறப்பு, 1886-இல் சார்ல்ஸ்டன் நகரை வீழ்த்திய நிலநடுக்கம், எமர்சனின் மறைவு, விட்மனின் கவிதை என அவர் எழுதாத பொருள் இல்லை. கவிஞரின் கண் கொண்டு எழுதிய செய்தி மடல்கள் அவை.

அமெரிக்காவின் உழைப்பையும் மக்களாட்சியையும் அவர் மனமாரப் பாராட்டினார். அதன் பணவெறியையும் நிறவெறியையும் மறைக்கவுமில்லை. 1882-இல் புவனோஸ் அயர்ஸின் 'லா நாசியோன்' நாளேடு அவருடைய முதல் மடலிலேயே அமெரிக்காவைக் குறைகூறிய பகுதிகளை நீக்கி வெளியிட்டது. வாங்கும் இதழின் மனமும் புண்படாமல், காணும் உண்மையும் கெடாமல் எழுதும் கலையை அவர் அன்றிலிருந்து பயில வேண்டியதாயிற்று.

அவருடைய பார்வை தொடக்கத்திலேயே முழுமை பெற்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை. சிகாகோவில் நடந்த நிகழ்ச்சி இதற்குச் சான்று. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே மாதத்தில் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். மே 4-ஆம் நாள் கூட்டத்தில் வெடிகுண்டு வீசப்பட்டுக் காவலர் மாண்டனர். குண்டை எறிந்தவர் எவர் எனத் தெரியாதபோதிலும், தொழிலாளர் தலைவர் எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. முதலில் இதைப் பற்றி எழுதியபோது மார்த்தியும் அவர்களைக் கடுமையாகவே சாடினார். ஐரோப்பாவின் வெறுப்பைச் சுமந்து வந்து மக்களாட்சி நாட்டில் விதைப்பவர்கள் என்பது அப்போது அவர் கருத்து. ஓராண்டுக்கு மேல் அவ்வழக்கைத் தொடர்ந்து கவனித்தார். 1887 நவம்பர் 11-இல் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் அவர் எழுதிய நீண்ட மடலில் முந்தைய சாடல் இல்லை. அவர்களுடைய குழந்தைகள், மனைவியர், குளிரும் பசியும் நிறைந்த குடியிருப்புகள், இறுதி இரவு, இறுதி ஊர்வலம் யாவும் அதில் வருகின்றன. வன்முறையை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அவ்வன்முறை விளைந்த நிலம் எது என்று கேட்கத் தொடங்கினார். தாம் எழுதியதற்கு மாறாகத் தாமே எழுதும் நேர்மை எழுத்தாளர்க்கு எளிதில் வருவதன்று.

1891-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இத்தாலியக் குடியேறிகள் 11 பேரை ஒரு கும்பல் கொன்றபோதும், 1892-இல் டெக்சர்கானாவில் கறுப்பின மனிதர் ஒருவரைக் கட்டிவைத்து எரித்தபோதும் அவர் வாளாவிருக்கவில்லை. கலிபோர்னியப் பழங்குடியினர் பட்ட கொடுமையைக் கூறும் ஹெலன் ஹண்ட் ஜாக்சனின் 'ரமோனா' நாவலை ஸ்பானியத்தில் மொழிபெயர்த்துத் தம் சொந்தப் பொறுப்பில் 1888-இல் பதிப்பித்தார். 1889-இல் அமெரிக்க இதழ் ஒன்று கியூபரைச் சோம்பேறிகள் என்றும் ஆண்மையற்றவர் என்றும் இழித்துரைத்தபோது, அமெரிக்கரின் மொழியிலேயே நியூயார்க் நாளேட்டுக்கு மறுப்பு மடல் வரைந்தார். புலம்பெயர்ந்த ஏழை மக்களின் மானத்துக்கு அம்மடல் அரணாயிற்று.

மகனுக்கு எழுதிய நூல்

இவ்வளவுக்கும் நடுவே ஒரு வீடு உடைந்துகொண்டிருந்தது. கார்மென் மகனோடு நியூயார்க் வந்தார், திரும்பினார், மீண்டும் வந்தார், மீண்டும் திரும்பினார். ஸ்பெயினின் ஆட்சிக்கு உட்பட்டு ஹவானாவில் வழக்கறிஞராக வாழலாம் என்பது மனைவியின் விருப்பம். அவ்வாறு வாழ இயலாது என்பது கணவரின் உறுதி. கார்மெனைக் குறைகூறுவோர் உளர். ஆனால் கைக்குழந்தையோடு குளிர் நாட்டில், நாளும் கூட்டமும் கிளர்ச்சியுமாக அலையும் கணவருக்காகக் காத்திருந்த பெண்ணின் வழக்கையும் நாம் கேட்டல் வேண்டும். 1891-இல் கடைசியாகப் பிரிந்தபின் தந்தையும் மகனும் சந்திக்கவேயில்லை.

இப்பிரிவு தந்த நூலே 1882-இல் நியூயார்க்கில் வெளியான 'இஸ்மாயேலில்யோ'. 15 கவிதைகள் கொண்ட அச்சிறு நூல் முழுவதும் மகனைப் பற்றியது. விவிலியத்தில் பாலைவனத்துக்குத் துரத்தப்பட்ட இஸ்மாயிலின் பெயரை மகனுக்குச் சூட்டியதன் பொருள் சொல்லாமலே விளங்கும். குட்டிக் கால்கள், தோளில் ஏறும் குழந்தை, கலைந்துகிடக்கும் புத்தகங்கள் எனச் சின்னஞ்சிறு சீரடிகளில் தாவித் தாவிச் செல்லும் கவிதைகள். ஸ்பானியக் கவிதையிற் பின்னர் 'மொதெர்னிஸ்மோ' என்று பெயர்பெற்ற மறுமலர்ச்சிக்கு இந்நூலை முன்னோடி என ஆய்வாளர் கருதுகின்றனர். அம்மறுமலர்ச்சியின் பெருங்கவிஞரான ரூபன் தாரியோ 1893-இல் நியூயார்க்கில் மார்த்தியைச் சந்தித்தபோது ஆசானாகவே போற்றினார். விடுதலைப் போராளியின் முதற் கவிதை நூலில் போர்முழக்கம் ஒன்றும் இல்லை; ஒரு குழந்தையே இருக்கிறது. எந்த உலகத்துக்காகப் போராடுகிறோம் என்பதை அவர் அங்கே எழுதி வைத்தார் என்றே கொள்ள வேண்டும்.

'பொற்காலம்' என்னும் இதழ்

தம் மகனுக்குச் சொல்ல முடியாத கதைகளை அவர் ஒரு கண்டத்துக் குழந்தைகள் அனைவருக்கும் சொன்னார். 1889 ஜூலையில் 'லா எதாத் தெ ஓரோ', அதாவது 'பொற்காலம்', என்னும் சிறுவர் திங்களிதழ் நியூயார்க்கிலிருந்து வெளிவரத் தொடங்கியது. 32 பக்கங்கள் கொண்ட அவ்விதழின் பெரும்பகுதியை அவர் ஒருவரே எழுதினார். கதை, கவிதை, வரலாறு, அறிவியல் யாவும் அதில் இடம்பெற்றன. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த வியட்நாம் மக்களின் வாழ்வும் பண்பாடும் பற்றிய கட்டுரையும் அவற்றுள் ஒன்று. தோற்றத்தில் வேறுபட்டோரைக் கண்டு நகைக்காதீர். அவர்களும் நம்போல் தம் நாட்டுக்காகப் போராடியவர்களே என்பது அக்கட்டுரையின் சாரம்.

அவ்விதழில் வந்த 'கறுப்புப் பொம்மை' என்னும் கதை எளிமையானது. எட்டாவது பிறந்தநாளில் சிறுமிக்குப் பட்டாடை உடுத்திய புதிய பொம்மை கிடைக்கிறது. அவளோ பழசாகிப் போன தன் கறுப்புப் பொம்மையையே அணைத்துக்கொண்டு உறங்கப் போகிறாள். வேறு எவரும் அதனை நேசிக்கவில்லை என்பதே அவள் கண்ட காரணம். நிறவெறி என்னும் சொல்லே அக்கதையில் இல்லை. 'ரோசாநிறக் காலணிகள்' என்னும் கதைப்பாட்டில், கடற்கரைக்குப் புதுக் காலணியோடு சென்ற செல்வர் வீட்டுச் சிறுமி, நோயுற்ற ஏழைச் சிறுமிக்கு அதைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறாள். கடற்கரையில் செல்வர் அமரும் இடம் ஒன்று, ஏழைகள் அமரும் இடம் வேறொன்று என்பதைக் கவிஞர் போகிற போக்கிற் காட்டிவிடுகிறார். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் இப்பாட்டை மனனம் செய்து வந்துள்ளனர்.

இதழ் நான்கு திங்களே வாழ்ந்தது. கடவுளைப் பற்றிய அச்சத்தை இதழிற் புகட்ட வேண்டும் என்று பொருளுதவிய பதிப்பாளர் விரும்பினார். எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய இதழில் அதனைச் செய்ய மார்த்தி இசையவில்லை. அக்டோபர் இதழோடு 'பொற்காலம்' நின்றது. நூறாண்டுகள் கடந்தும் அந்த நான்கு இதழ்களும் நூலாகத் தொகுக்கப்பட்டு மீண்டும் மீண்டும் அச்சாகி வருகின்றன. சிற்றிதழ் நடத்தி இழந்தோர்க்கு இது ஆறுதல் தரும் செய்தி.

எளிய பாக்கள்

1889-90-இல் வாஷிங்டனில் அமெரிக்க நாடுகளின் மாநாடு கூடியது. தென்னாடுகளின் மீது வடநாட்டின் பொருளாதாரப் பிடி இறுகப் போகிறது, கியூபாவும் விலைபேசப்படலாம் என்னும் அச்சம் மார்த்தியை வாட்டியது. உடல்நலம் குன்றியது. மருத்துவர் மலைப்பகுதிக்குச் செல்லுமாறு பணித்தார். 1890 கோடையில் கேட்ஸ்கில் மலைச் சாரலில் அவர் எழுதிய 46 கவிதைகளே 1891-இல் வெளியான 'எளிய பாக்கள்'.

நாட்டுப்புறப் பாடகர் கையாளும் எட்டசை அடிகளே அந்நூலின் யாப்பு. தாம் முன்னர் எழுதிவந்த முறுகிய நடையிலான கவிதைகளை அவர் பெட்டியிலேயே வைத்துவிட்டார். 'கட்டற்ற பாக்கள்' என்னும் அத்தொகுதி அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே அச்சேறியது. எளிமையை அவர் தேர்ந்துகொண்டது இயலாமையால் அன்று. எழுதத் தெரியாதவனும் பாடிக்கொண்டு போகத்தக்க கவிதை வேண்டும் என்னும் தெளிவால் அவ்வாறு செய்தார். அடிமைக் கப்பலைக் கண்ட சிறுவனின் கவிதை இந்நூலில்தான் உள்ளது. குவாத்தமாலாவில் தம்மை நேசித்து இளமையிலேயே மாண்ட பெண்ணைப் பற்றிய பாட்டும் இதில் உண்டு. உண்மை நண்பனுக்கு மட்டுமன்றித் தன் நெஞ்சைக் கிழித்த கொடியவனுக்கும் வெள்ளை ரோசா வளர்ப்பதாகக் கூறும் புகழ்பெற்ற சிறு பாவும் இதிலேதான். காலில் விலங்கின் தழும்பு உள்ள மனிதர் இதனை எழுதினார் என்று எண்ணும்போதுதான் அப்பாவின் எடை நமக்குப் புலப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்நூலின் சில பாக்கள் 'குவாந்தானமேரா' என்னும் கியூப நாட்டுப்புற மெட்டில் அமைக்கப்பட்டன. 1960-களில் பீட் சீகர் அதனைப் பாடியதால் மொழி அறியாதோரும் உலகெங்கும் பாடலாயினர். ஏழைகளோடு தன் பங்கை வைத்துக்கொள்ள விழையும் கவிஞனின் குரலைத்தான் பாடுகிறோம் என்பதைப் பாடுவோர் பலர் அறியார்.

சுருட்டுத் தொழிலாளரின் செவியில்

1890 ஜனவரியில் நியூயார்க்கில் 'லா லீகா' என்னும் கல்விக் கழகம் தொடங்கப்பட்டது. கியூபாவிலிருந்தும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் வந்த கறுப்பினத் தொழிலாளருக்கான மாலைப் பள்ளி அது. சுருட்டுத் தொழிலாளராயிருந்து எழுத்தாளரான ரஃபாயேல் செர்ரா அதன் உயிர்நாடி. மார்த்தி அங்கு ஊதியமின்றிப் பாடம் நடத்தினார். மாணவர் எழுதி வைக்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, மொழி, வரலாறு, வாழ்க்கை என்று விளக்கிச் செல்வது அவர் முறை. 1891 ஜனவரியில் வெளியான 'நமது அமெரிக்கா' என்னும் கட்டுரையில், ஐரோப்பிய நூல்களைப் பார்த்து ஆளாமல், மண்ணின் பழங்குடியினரையும் கறுப்பினத்தவரையும் உழவரையும் அறிந்து ஆள வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். மனிதருள் இனவேற்றுமை என்பதே இல்லை என்றும் துணிந்து கூறினார்.

அவ்வாண்டு நவம்பரில் ஃபுளோரிடாவின் டாம்பா நகரிலிருந்து அழைப்பு வந்தது. அந்நகரின் ஈபோர் பகுதி சுருட்டுத் தொழிலால் எழுந்தது. கியூபாவிலிருந்து குடிபெயர்ந்த ஆயிரக்கணக்கானோர் அங்கு உழைத்தனர். அவர்களிடையே நிலவிய வழக்கம் ஒன்றைக் கவிஞர்கள் அறிதல் வேண்டும். சுருட்டுச் சுற்றும் கூடத்தில் உயர்ந்த மேடை ஒன்று இருக்கும். அதில் ஒருவர் அமர்ந்து, நாளேடுகளையும் நாவல்களையும் உரக்கப் படிப்பார். தொழிலாளர் புகையிலையைச் சுற்றிக்கொண்டே கேட்பர். படிப்பவருக்கு ஊதியம் கொடுப்பவர்கள் தொழிலாளர்களே. எதைப் படிப்பது என்று முடிவு செய்பவர்களும் அவர்களே. 1865-இல் ஹவானாவில் தோன்றிய வழக்கம் இது. எழுத்தறியாதவரும் இலக்கியம் அறிந்திருந்த கூட்டம் அது. மார்த்தியின் சொல்லுக்கு அவர்களைவிடச் சிறந்த செவிகள் வேறெங்கும் கிடைத்திரா.

நவம்பர் 26, 27 ஆகிய இரு நாள் அவர் ஆற்றிய உரைகள் சுருக்கெழுத்தில் எடுக்கப்பட்டு அச்சாகிப் பரவின. அனைவரோடும் சேர்ந்து அனைவரின் நலனுக்காக ஒரு குடியரசு என்பது முதல் உரையின் பொருள். தீயில் கருகிய காட்டிடையே இளம்பைன் மரங்கள் தலைதூக்கி நிற்கும் காட்சியைப் புதிய தலைமுறைக்கு உவமையாக்கினார் இரண்டாம் உரையில். 1892 மார்ச் 14-இல் 'பாத்ரியா' இதழ் பிறந்தது. போர்ட்டோ ரிக்கோக் கறுப்பின அச்சாளர் சொதேரோ ஃபிகெரோவா அதற்குத் துணைநின்றார். ஏப்ரல் 10-இல் கியூபப் புரட்சிக் கட்சி முறையாக அறிவிக்கப்பட்டது. கியூபாவோடு போர்ட்டோ ரிக்கோவின் விடுதலையும் அதன் குறிக்கோள். தொழிலாளர் தம் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கிக் கட்சிக்குக் கொடுத்தனர். டாம்பாவில் பவுலினா பெத்ரோசோ என்னும் கறுப்பினப் பெண்மணியின் இல்லத்தில் அவர் தங்குவது வழக்கம். நிறத்தால் வீதிகள் பிரிக்கப்பட்ட நாட்டில் அதுவே ஓர் அறிக்கை.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடுதலைப் போரின் பெரும் படைத்தலைவர்களான மாக்சிமோ கோமெஸ், அந்தோனியோ மாசேயோ ஆகியோரிடமிருந்து 1884-இல் மார்த்தி பிரிந்து நின்றார். படைமுகாமை நடத்துவதுபோல் நாட்டை நடத்த முற்படும் போக்கை அவர்களிடம் கண்டதே காரணம். கோழை என்னும் பழியைச் சுமந்தார். ஆண்டுகள் கழித்து, கொள்கைக்கு உரிய இடம் உறுதியானபின், அதே கோமெஸின் வாயிலைத் தாமே தேடிச் சென்று படைத்தலைமையை ஏற்கச் செய்தார். நீதிக்கான போர் நீதியற்ற ஆட்சியிற் சென்று முடியக் கூடாது என்பதில் அவருக்கு இருந்த கவலை அத்தகையது.

இறுதி நாள்கள்

1895 ஜனவரியில், மூன்று கப்பல்களில் ஆயுதம் அனுப்ப அவர் ஈராண்டுகளுக்கு மேல் மறைவாகச் செய்திருந்த ஏற்பாடு அமெரிக்க அதிகாரிகளால் பிடிபட்டது. தொழிலாளரின் சேமிப்பு கடலிற் போயிற்று. ஆயினும் பிப்ரவரி 24-இல் கியூபாவில் போர் தொடங்கியது. மார்ச் 25-இல் கோமெஸுடன் அவர் ஒப்பமிட்ட அறிக்கை, இப்போர் ஸ்பானியர்மீது கொண்ட பகையன்று என்பதைத் தெளிவாக்கியது. பேசியே பிறரைப் போருக்கு அனுப்பியவர் என்னும் சொல் தம்மீது விழலாகாது என்று அவர் கருதினார். ஏப்ரல் 11 இரவு, மழையிலும் இருளிலும், ஒரு சிறு படகில் ஐவர் துணையோடு கியூபாவின் கரையை அடைந்தார்.

களத்துக்குச் செல்லும் வழியில், ஏப்ரல் 9-இல், நியூயார்க்கில் தாம் மகள்போல் அன்பு பாராட்டிய சிறுமி மரியா மந்தில்யாவுக்கு அவர் எழுதிய நீண்ட மடல் ஆயுதம் பற்றியதன்று. நல்ல மொழிபெயர்ப்பு எவ்வாறு இருக்க வேண்டும், பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்துவது எப்படி என்பன பற்றியது. அந்நாள்களில் அவர் எழுதிய நாட்குறிப்பில் மரஞ்செடிகளின் பெயர்கள், உழவர் வீட்டு உணவு, இரவின் ஒலிகள் யாவும் நிறைந்துள்ளன. ஸ்பானிய உரைநடையின் ஒப்பற்ற பக்கங்களுள் அவை எண்ணப்படுகின்றன. 1895 மே 19-இல், தோஸ் ரியோஸ் என்னும் இடத்தில், பின்னே நிற்குமாறு கோமெஸ் பணித்தும் கேளாது குதிரையைச் செலுத்தி, துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானார். முதல் நாள் தொடங்கிய மடல் ஒன்று முடிவுறாமலே கிடந்தது.

மறைவுக்குப் பின்

ஸ்பெயினின் ஆட்சி 1898-இல் முடிந்தது. ஆனால் அமெரிக்கப் படை புகுந்தது. 1902-இல் மலர்ந்த குடியரசு அமெரிக்கத் தலையீட்டுக்கு இடம் தரும் சட்ட விதியோடு பிறந்தது. அவர் அஞ்சியது நடந்தது. அதைவிடக் கொடியது ஒன்றும் நடந்தது. கியூபரிடையே இனவேற்றுமை இல்லை என்று கூறி, 1910-இல் கறுப்பினத்தவரின் கட்சி சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1912-இல் அவர்கள் கிளர்ந்தபோது பெருந்தொகையினர் கொல்லப்பட்டனர். எவருடைய மாலைப் பள்ளியில் மார்த்தி பாடம் நடத்தினாரோ அவர்களுடைய வாயை அடைக்க அவருடைய சொல்லே கருவியாயிற்று. வேற்றுமை இல்லாத நாள் வர வேண்டும் என்று அவர் பாடியதை, அந்நாள் வந்துவிட்டது என்று ஆள்வோர் திரித்தனர்.

இன்றும் அவரை இருதரப்பாரும் உரிமை கொண்டாடுகின்றனர். ஹவானாவின் விமான நிலையம் அவர் பெயர் தாங்குகிறது. அந்த அரசை எதிர்த்து அமெரிக்கா 1985-இல் தொடங்கிய வானொலிக்கும் அவர் பெயரே இடப்பட்டது. அரசியலுரைகளை இவ்வாறு இருபுறமும் இழுக்கலாம். கறுப்புப் பொம்மையை அணைத்துறங்கும் சிறுமியை எப்பக்கமும் இழுக்க முடியவில்லை. கடற்கரையில் காலணியைக் கழற்றிக் கொடுத்தவளும் அப்படியே.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வழக்குக்கு மார்த்தியின் வாழ்வு தரும் விடை இதுவாகலாம். மக்களுக்காக எழுதப் புகும் கவிஞன் முதலில் அவர்களிடம் பாடம் கேட்க வேண்டும். கல்லுடைப்புக் களத்திலோ, மாலைப் பள்ளியிலோ, சுருட்டுக் கூடத்திலோ அவர்களோடு அமர வேண்டும். அவர்களை வாழ்த்துவதோடு நில்லாமல், காட்ட வேண்டும். எதிரியை வெறுக்காமலே எதிர்க்கக் கற்க வேண்டும். யாப்பிலும் சொல்லிலும் ஏழைக்கென்று இரண்டாந்தரம் ஒன்றை ஒதுக்காமல், தன் கலையின் உச்சத்தையே அவனுக்கு அளிக்க வேண்டும். பத்தாண்டுகள் கூடிக் கவிதை பேசிய நண்பர்கள் அடுத்த பத்தாண்டுக்குக் காலெடுத்து வைக்கும் இவ்வேளையில், அக்கியூபக் கவிஞரின் நூல்களுள் கிடைப்பதொன்றை எடுத்து உரக்கப் படிப்பார்களாயின், புகையிலை மணக்கும் கூடத்தில் கேட்டிருந்தவர்களின் வரிசையில் நாமும் அமர்ந்தவர்கள் ஆவோம்.